பழைய மண் அணையின் அடியில் கசிவு: குழாயா, கரையா?

கரைமேடு (கேள்வி)

பாசனத்துக்கு மட்டும் பயன்படும் சிறிய மண் அணை. கட்டி 45 ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் கரை உயரம் 6 மீட்டர், நீளம் 140 மீட்டர், உச்சி அகலம் 3 மீட்டர். வெளிச்சரிவு ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் கிடைநீளம்). நிரம்பினால் நீர்ப்பரப்பு மூன்று ஏக்கர் இருக்கும். நீர் வந்து சேரும் பரப்பு 40 ஹெக்டேர்.

கரையின் அடியில் 300 மி.மீ. நெளிதகட்டு இரும்புக் குழாய் போகிறது. திறப்பு வால்வு வெளிப்பக்க முனையில் உள்ளது. நிரம்பிய நிலையில் குழாய் வாய்க்கு இடதுபுறம் 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்துக்கு நிலம் நசநசவென்று இருக்கிறது; கோரை முளைத்திருக்கிறது. குழாயை ஒட்டியே ஒரு சிறு ஊற்றும் ஓடுகிறது. நீர் தெளிவாகத்தான் வருகிறது.

கரை உச்சி நடுவில் அமுங்கியிருக்கிறது. கலிங்கு (மிகைநீர் வழிந்தோடும் இடம்) மட்டத்திலிருந்து பார்த்தால் உச்சி ஓரங்களில் 70 செ.மீ., நடுவில் 45 செ.மீ. கலிங்கின் அகலம் 6 மீட்டர். வெளிச்சரிவில் ஏழெட்டு மரங்கள், சில எலி வளைகள்.

மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முழுதாக இடித்துக் கட்டாமல் சரிசெய்ய முடியுமா? எதை முதலில் தொடுவது?

மண்வெட்டி

ஊற்று வரும் இடத்தில் களிமண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே ஒரு அடி கான்கிரீட் போடுங்கள். நின்றுவிடும்.

வடிமணல்

மண்வெட்டி அண்ணா, மன்னிக்கணும், அதை மட்டும் செய்யவே கூடாது.

வெளிப்பக்கத்தில் வாயை அடைத்தால் நீர் வருவது நிற்காது. அது கரைக்குள்ளேயே ஏறி நிற்கும். சரிவுக்குள் ஈர மட்டம் உயரும், மண்ணின் பிடிப்பு குறையும். கொஞ்ச நாளில் கான்கிரீட்டுக்குப் பக்கத்திலோ ஒரு மீட்டர் மேலேயோ புது வாய் திறக்கும், இல்லையென்றால் வெளிச்சரிவே சரிந்து இறங்கும். கசிவை அடைக்க வேண்டுமென்றால் நீர்ப்பக்கத்தில் அடைக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: நீரை வெளியே விட்டு, மண்ணை உள்ளேயே பிடித்து வைப்பது. அதற்கு மணல் வடிகட்டி.

மண் அணை எதுவும் கசியும். கேட்க வேண்டியது மண்ணும் சேர்ந்து வருகிறதா என்பதுதான். முதல் வாரம் வெறும் அளவெடுப்புக்கே போகட்டும்:

ஈரப் பகுதியின் எல்லையில் இரண்டு மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். எல்லை வெளியே நகர்கிறதா என்று தெரியும்.

ஊற்று நீரைச் சிறு வாய்க்கால் வெட்டி ஒரே இடத்தில் சேர்த்து, 10 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். அளவு கூடுதலாக இருந்தால் தகட்டில் 90 பாகை முக்கோண வெட்டு வெட்டிக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் 5 செ.மீ. நீர் நின்றால் விநாடிக்கு 0.77 லிட்டர், 7 செ.மீ. என்றால் 1.8, 10 செ.மீ. என்றால் 4.4. உயரத்தைத் தகட்டிலேயே அளக்காதீர்கள், அங்கே நீர் வளைந்து விழும். அரை மீட்டர் பின்னால் அளவுகோல் வையுங்கள்.

ஒவ்வொரு அளவோடும் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். மட்டம் குறிக்காத கசிவு அளவு பயன்படாது. மட்டம் ஏறும்போது கசிவு ஏறுவது இயல்பு. அதே மட்டத்தில் மாதத்துக்கு மாதம் கூடினால் உள்ளே வழி அகலமாகிறது என்று பொருள். திடீரென்று குறைந்தாலும் மகிழ வேண்டாம், உள்ளே இடிந்து அடைத்திருக்கலாம். பிறகு வேறு இடத்தில் வரும்.

கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரும் சில நேரம் அடியில் மெல்லிய வண்டல் காட்டும். அப்படிக் காட்டினால் மழையை எதிர்பார்த்து உட்காராமல் அன்றே நீரை இறக்கத் தொடங்குங்கள்.

தூம்புவாய்

கேள்வியில் எனக்கு உறுத்துவது ஈரமோ கோரையோ இல்லை. வால்வு வெளிமுனையில் இருக்கிறது என்ற ஒரு வரிதான்.

வால்வு நீர்ப்பக்கம் இருந்தால், மூடியபின் குழாய் காலியாக இருக்கும். வெளிமுனையில் இருந்தால், மூடியிருக்கும் நாளெல்லாம் கரையின் வயிற்றுக்குள் ஐந்து மீட்டர் நீரழுத்தத்தோடு குழாய் நிறைந்து நிற்கும். 45 ஆண்டு நெளிதகடு என்றால் அடிப்பாதியில் துத்தநாகப் பூச்சு போய்த் துரு தின்றிருக்கும். ஒரு சிறு ஓட்டை போதும்: நீர் பீய்ச்சி மண்ணுக்குள் போகும், குழாயின் வெளித்தோலை ஒட்டியே வழி பிடித்து வெளியே வரும். நெளிகுழாய்க்கு அடியில், தொடைப்பகுதி என்பார்களே, அங்கே கட்டும்போது இடித்து இறுக்குவது எப்போதுமே கடினம். அதனால் பழைய அணைகளில் முதல் வழி அங்கேதான் கிடைக்கிறது.

குழாயா, கரையா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். நீர்மட்டத்தைக் குறைந்தது ஒன்றரை மீட்டர் இறக்கிய பிறகு செய்யுங்கள்.

வால்வை முழுதாக மூடுங்கள். ஓட்டம் இல்லாதபோதுதான் நீர்ப்பக்க வாய்க்கு அருகே போக வேண்டும். ஓடும் வாய் ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கனமான பலகையில் ரப்பர் விரிப்பு ஒட்டி வாயை மூடுங்கள், மேலே மண்மூட்டை வைத்து அழுத்துங்கள். எல்லோரும் கரையேறிய பிறகு வெளிவால்வை மெதுவாக, கால்மணி நேரம் எடுத்துத் திறங்கள். சட்டென்று திறந்தால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி மெலிந்த தகடு நசுங்கும்.

குழாய் வடிந்து காலியானதும் இரண்டு விஷயம் பாருங்கள். வெளிக்கசிவு இரண்டு நாளில் பெரிதும் குறைந்தால் குற்றவாளி குழாய். குழாய்க்குள்ளிருந்து வரும் மீதி நீர் கலங்கலாக இருந்தால் ஓட்டை வழியே மண் உள்ளே விழுகிறது. குழாயின் நேர்மேலே கரையில் குழி விழுந்திருக்கிறதா என்று உடனே தேடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் இப்படி வைக்கக் கூடாது. காலிக் குழாய் சுற்றியுள்ள மண்ணை உறிஞ்சும்.

வடிந்த பிறகு நீள மூங்கிலில் விளக்கும் கைப்பேசியும் கட்டி உள்ளே தள்ளிப் படம் எடுங்கள். தேடுவது மூன்று: வட்டம் நசுங்கியிருக்கிறதா, இணைப்பு விலகியிருக்கிறதா, மேல்பாதியில் வேர் தொங்குகிறதா.

கலிங்கு

கசிவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அந்த 45 செ.மீ. யார் கண்ணிலும் படவில்லையா? மண் அணையின் மேல் நீர் வழிந்தால் சில மணி நேரத்தில் கரை கரைந்துவிடும்.

கணக்கு இதோ. கலிங்கில் ஓடும் நீர், விநாடிக்குக் கனமீட்டரில்: 1.7 பெருக்கல் அகலம் பெருக்கல் நீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கு. அலைக்கு 30 செ.மீ. விட்டுவிட வேண்டும். கரையின் தாழ்ந்த இடத்தில் 45 என்றால் கலிங்குக்கு மிஞ்சுவது 15 செ.மீ. அப்போது 6 மீட்டர் கலிங்கு கொண்டுபோவது 0.6 கனமீட்டர் மட்டுமே. நடுப்பள்ளத்தை ஓரங்களுக்குச் சமமாக உயர்த்தினால் 40 செ.மீ. கிடைக்கும், அப்போது 2.6 கனமீட்டர். 25 செ.மீ. மண்ணில் நான்கு மடங்குக்கு மேல்!

வரத்து எவ்வளவு? 40 ஹெக்டேரில் மணிக்கு 60 மி.மீ. மழை, அதில் 40 விழுக்காடு வழிந்து வருகிறது என்று வைத்தால் 2.7 கனமீட்டர். உங்கள் நிலத்தின் சரிவும் மழையும் வேறாக இருக்கும், எண்ணை மாற்றிப் போடுங்கள். ஆனால் இன்றைய நிலையில் அந்த அணை ஒரு சாதாரணக் கனமழைக்கே தாங்காது என்பது இதிலேயே தெரிகிறது. மண் உயர்த்திய பிறகும் இழுபறிதான். கலிங்கை 6லிருந்து 9 மீட்டராக அகலப்படுத்த இடம் இருந்தால் அதையும் செய்யுங்கள். கரைக்குக் கீழே வீடோ சாலையோ இருந்தால் இந்தக் கைக்கணக்கு போதாது, வெள்ளக் கணக்கைப் பொறியாளரிடம் போடச் சொல்லுங்கள்.

உச்சியை உயர்த்தும் முறை: புல்லையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்து, 15 செ.மீ. ஆழம் கீறிவிட்டு, கரையின் மண்ணைப் போன்ற மண்ணையே 15 செ.மீ. அடுக்காகப் போட்டு இறுக்குங்கள். ஈரம் சரியா என்று பார்க்க, கையில் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக் கூடாது. கீறாமல் புல்மேல் மண் கொட்டினால் அந்தப் புல்வரியே நீர்வழியாகும். முடித்தபின் உச்சி நீர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் வெளிச்சரிவை அரிக்கும். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும், பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி.

ஒன்று கேட்கட்டுமா, கலிங்கின் மேல் மூட்டையோ பலகையோ வைத்திருக்கிறீர்களா? கூடுதலாக அரை அடி நீர் பிடிக்கப் பலர் செய்வார்கள். இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கரைமேடு

பலகை இருந்தது. எடுத்தாயிற்று.

சோதனை முடிவு: மட்டத்தை ஒன்றரை மீட்டர் இறக்கிய பின் கசிவு 10 லிட்டருக்கு 20 விநாடி. குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் கழித்து அதே வாளி நிறைய 65 விநாடி. குழாயிலிருந்து வந்த மீதி நீர் முதல் நாள் லேசான கலங்கல். புட்டியில் மெல்லிய வண்டல். படத்தில் குழாய் வட்டமாகவே இருக்கிறது, அடிப்பக்கம் முழுக்கத் துரு, நடுவில் இரண்டு இடத்தில் ஓட்டை. மேலே குழி எதுவும் இல்லை.

தூம்புவாய்

அப்படியென்றால் விநாடிக்கு 0.5 லிட்டர் என்றிருந்தது 0.15 ஆகியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குழாயின் வேலை. மண்ணும் வருகிறது. அந்த வால்வை இனி மூடிவைக்காதீர்கள். நீரை முழுதாக இறக்குங்கள்.

இறக்கும் வேகம் நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீர் ஊறிய உள்சரிவு, எதிர்ப்பக்கம் தாங்கிய நீர் திடீரென்று போனால் வழுக்கி இறங்கும். பழைய குழாயை நம்பாமல் கரைமேல் சைபன் (நீரைக் கரைமேல் இழுத்து ஏற்றி மறுபக்கம் இறக்கும் குழாய்) போடுங்கள். 6 அங்குலக் குழாய், 35 மீட்டர் நீளம், மட்ட வேறுபாடு 3 மீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் போகும். ஒரு நாளில் 4,300 கனமீட்டர், மூன்று ஏக்கர் பரப்பில் 36 செ.மீ. ஆகவே சைபனின் வெளிமுனை வால்வைக் கொஞ்சம் மூடியே வையுங்கள். பரப்பு சுருங்கச் சுருங்க இன்னும் மூட வேண்டும். உறிஞ்சுமுனையில் நீர் திரும்பிப் போகாமல் பிடிக்கும் அடிவால்வு, உச்சியில் காற்றுத் திறப்பு, நீர் நிரப்ப ஒரு சிறு பம்ப். மெல்லிய பிவிசி குழாய் உச்சியில் உள்வாங்கி நசுங்கும், தடித்த அழுத்தக்குழாய் வாங்குங்கள்.

குழாய்க்கு இரண்டு வழி. வட்டமாக இருப்பதால் முதல் வழி, உள்ளே எச்டிபிஇ (அடர்த்தியான பிளாஸ்டிக்) குழாய் செருகுவது. 300க்குள் 250 மி.மீ. வெளிவிட்டம் நுழையும், உள்விட்டம் 220 கிடைக்கும். சிறுத்துவிட்டதே என்று பயம் வேண்டாம்; நெளிதகட்டின் சொரசொரப்பு போய் வழவழப்பு வருவதால் ஓட்டம் ஏறக்குறைய பழைய அளவுக்கே வரும். இரண்டு குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிமெண்ட் கூழால் நிரப்ப வேண்டும். தாழ்ந்த முனையிலிருந்து ஏற்றி, உயர்ந்த முனையில் காற்றுப்போக்கி வைத்து, அங்கே கூழ் வழிந்த பிறகே நிறுத்துங்கள். உள்குழாய் மிதக்கும், அதனால் அதில் நீர் நிரப்பி வையுங்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும். வால்வை இந்தத் தடவை நீர்ப்பக்கம் மாற்றுங்கள்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: பழைய குழாயை முழுதாகக் கூழ் ஊற்றி அடைத்துவிட்டு, சைபனையே நிரந்தரமாக்குவது. கரையின் அடியில் குழாயே இல்லை என்றால் கவலையில் பாதி போயிற்று. குறை என்னவென்றால் பாசனத்துக்கு ஒவ்வொரு முறையும் நீர் நிரப்பித் தொடங்க வேண்டும்.

கரையைத் தோண்டிப் புதுக் குழாய் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். 6 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவில் வெட்டினால் மேலே 20 மீட்டர் திறப்பு. அதைத் திரும்ப இறுக்குவது பாதி அணையைப் புதிதாகக் கட்டுவது போல. செங்குத்தாக வெட்டி மூடினால் இரண்டு மண்ணும் ஒட்டாது, அந்தச் சுவரிலேயே விரிசல் வரும்.

வடிமணல்

எந்த வழியானாலும் குழாயின் உள்ளே கூழ் ஊற்றுவது வெளியே ஏற்கெனவே உண்டான பொந்தை நிரப்பாது. வெளிமுனையில் மணல் வளையம் கட்டாயம். கூழ் வேலை முடிந்த பிறகு, கடைசி ஐந்து மீட்டரைச் சரிவாக வெட்டித் திறந்து, குழாயைச் சுற்றி மணல்: இரு பக்கமும் மேலேயும் குழாய் விட்டத்தின் மூன்று மடங்கு, அதாவது 90 செ.மீ., அடியில் 50 செ.மீ., குழாயின் நீளவாக்கில் 90 செ.மீ. தடிமன். கணக்குக்கு 3.2 கனமீட்டர்தான், சரிவு வெட்டும் வடிகாலும் சேர்த்து 8 கனமீட்டர் வரவழையுங்கள். மணலிலிருந்து சரளை வடிகால் ஒன்று அடிவரை வந்து, கசிவை அளக்கும் அளவுப்பெட்டியில் முடிய வேண்டும். பழைய அணைகளில் குழாய்க்குக் கான்கிரீட் பட்டைகள் போடுவார்கள். பட்டையின் ஓரத்தில் மண்ணை இறுக்க முடியாததால் அது காப்பாற்றியதைவிடக் கெடுத்ததே அதிகம்.

நசநசப்புப் பகுதிக்கு எடைவடிகட்டி. புல், சேறு வழித்து, முதலில் பருமணல் 30 செ.மீ. (12 கனமீட்டர்), மேலே 6 முதல் 10 மி.மீ. ஜல்லி 20 செ.மீ. (8 கனமீட்டர்), அதன்மேல் கருங்கல் 40 செ.மீ. வரிசை மாறக் கூடாது. மண்மேல் நேராகக் கல் போட்டால் கல் இடுக்கு வழியே மண் ஓடிவிடும்.

மணல்தான் இதில் உயிர். கான்கிரீட்டுக்கான பருமணல், தூசி 5 விழுக்காட்டுக்குக் கீழ். எம்-சாண்ட் என்றால் கழுவியது மட்டும். சோதனை எளிது: ஈர மணலைச் சிறு வாளியில் அழுத்தி ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்து, சுற்றிலும் மெதுவாக நீர் விடுங்கள். குவியல் சரிந்து விழ வேண்டும். விழாமல் நின்றால் அதில் ஒட்டும் தூசி இருக்கிறது. விரிசல் விழுந்தால் தானாக மூடிக்கொள்ளாது, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கரைமண்ணையும் ஒருமுறை பாருங்கள். பட்டாணி அளவு உலர்ந்த கட்டியைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுப் பத்து நிமிடம் தொடாதீர்கள். உதிர்ந்து குவிந்தால் சரி. கட்டியைச் சுற்றிப் பால் போலப் புகைந்தால் அது நீரில் கரையும் களிமண். உச்சி உயர்த்த அந்த மண்ணைச் சும்மா பயன்படுத்தாதீர்கள், சுண்ணாம்பு 2, 3 விழுக்காடு கலக்க வேண்டியிருக்கும்.

மண்வெட்டி

சரி, கான்கிரீட்டை வாபஸ் வாங்கிக்கிறேன். மரமும் எலியும் மட்டும் நான் சொல்றேன், அதுல தப்பு வராது.

நீர் இறங்கிய பிறகுதான் மரத்துல கை வைக்கணும். கைக்கட்டை அளவு, பத்து செ.மீ.க்குக் கீழ இருந்தா தரைமட்டமா அறுத்துத் துளிர்க்காம மருந்து தடவினாப் போதும். பெருசுக்கு அடிக்கட்டையோட தூர் வேரையும் தோண்டி எடுத்து, குழியைச் சரிவா வெட்டி அடுக்கடுக்கா இடிச்சு நிரப்பணும். பெருசை அறுத்து அப்படியே விட்டா வேர் மக்கி அந்த இடமெல்லாம் ஓட்டை. கரையடியிலிருந்து ஏழெட்டு மீட்டர் வரை மரம் வேண்டாம். காலியான சரிவுல அருகம்புல் பதிச்சிடுங்க.

எலி வளைக்கு: ஒன்பது பங்கு மண், ஒரு பங்கு சிமெண்ட், ஊத்துற பதத்துக்குக் கரைச்சு, வளைக்குள்ள குழாய் சொருகி நிறையுற வரை ஊத்துங்க. வாய்ல மட்டும் மண் அடைக்கிறது கண்துடைப்பு.

கரைமேடு

எல்லோருக்கும் நன்றி. குழாயை அடைத்துவிட்டுச் சைபனுக்கே போகிறேன். வேலை முடிந்து திரும்ப நிரப்பும்போது கவனிக்க வேண்டியது?

வடிமணல்

ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். சைபன் திறந்து மூடும் நிலையில் தயாராக இருக்கட்டும். பாதி உயரத்தில் ஒரு வாரம் நிறுத்தி நாள்தோறும் அளவெடுங்கள். பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை மூன்று நாள். வடிகாலில் முன்னைவிடக் கூடுதலாகவே நீர் வரலாம், இப்போது அதற்கு வழி இருக்கிறது. முதல் சில நாள் மணல் கழுவிய கலங்கல் வந்து தெளியும். தெளிந்தது மறுபடி கலங்கினால் நிரப்புவதை நிறுத்திச் சைபனைத் திறந்துவிடுங்கள்.

நிரம்பிய நிலையில் கலங்கல் ஊற்று வேகமாக வந்தால், கரைக்குக் கீழே இருப்பவர்களை முதலில் விலக்குங்கள். பிறகு ஊற்றைச் சுற்றி மண்மூட்டை வளையம், அரை மீட்டர் உயரம், ஒரு பக்கம் நீர் வழிய வாய் விட்டு. உள்ளே பருமணல், மேலே ஜல்லி. நீர்ப்பக்கம் சுழி தெரிந்தால் வைக்கோல் கட்டு, சாக்கு, தார்ப்பாய் எது கிடைத்தாலும் அதில் போட்டு மேலே மண் கொட்டலாம். பொக்லைன், ஆள் எதையும் வெளிச்சரிவில் ஏற்றாதீர்கள்.

கலிங்கு

மணல் 20 கனமீட்டர், ஜல்லி 8, அதோடு வடிகாலுக்கும் கொஞ்சம், கருங்கல் 16. மழைக்கு முன் வண்டி கரையடி வரை வரும்போதே இறக்கிவிடுங்கள், மணலைத் தார்ப்பாய் விரித்து அதன்மேல். வெறுந்தரையில் கொட்டினால் அள்ளும்போது பாதி மண் கலந்துவிடும், கழுவிய மணலுக்குக் கொடுத்த காசு வீண்.